காரின் ஏசியை நிறுத்தியது யார்?

மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்கு அமாவாசையன்று காரில் போனவர்களுக்குத் தெரியும், நடந்தே போயிருந்தால் சீக்கிரம் போயிருக்கலாம். சித்திரை அமாவாசைக்கு அவலூர்பேட்டையிலிருந்து மாமாவின் காரில் கிளம்பினோம். ஊர்ந்து போகும் வரிசையில் சிக்கிய பத்தாவது நிமிடம் ஏசியில் வெறும் காற்று வந்தது. "மறுபடியும் கேஸ் போயிடுச்சுடா" என்றார் மாமா. அந்தக் கோடையில் மட்டும் இரண்டு முறை கேஸ் நிரப்பியிருந்தார். ஆனால் சாலை காலியானதும் அதே ஏசி குளிர்ந்தது. போன கேஸ் தானாகத் திரும்பி வருமா?

ஏசியை நிறுத்தியது காருக்குள் இருக்கும் கம்ப்யூட்டர். எஞ்சின் கன்ட்ரோல் யூனிட், சுருக்கமாக இசியு என்பார்கள். 1983-ல் வந்த முதல் மாருதி 800-ல் இது கிடையாது, கார்புரேட்டர்தான். புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுக இறுக எல்லாக் கார்களிலும் இது வந்துவிட்டது. எஞ்சினைச் சுற்றி ஓடும் கூலன்ட்டின் சூட்டை ஒரு சென்சார் மூலம் இது ஓயாமல் பார்த்துக்கொண்டே இருக்கும். வழக்கமான சூடு 85 முதல் 100 டிகிரி செல்சியஸ். அது எல்லை மீறினால் (எல்லை மாடலுக்கு மாடல் மாறும்) ஏசி கம்ப்ரசரின் காந்த கிளட்சுக்குப் போகும் மின்சாரத்தை இசியு துண்டித்துவிடும். உள்ளே காற்றை வீசும் புளோயர் மட்டும் ஓடும். அதனால்தான் காற்று வரும், குளிர் வராது.

ஏன் ஏசியைக் குறிவைக்கிறது? கம்ப்ரசரைச் சுற்றுவது எஞ்சின்தான். அது கூடுதல் சுமை. மேலும் ஏசியின் கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கிறது. கண்டென்சர் கக்கும் சூடான காற்றுதான் ரேடியேட்டருக்குள் போகிறது. ஏசியை நிறுத்தினால் இரண்டு பாரமும் குறையும்.

நான் சும்மா இருப்பேனா? அடுத்த முறை ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள ஓபிடி சாக்கெட்டில் புளூடூத் ரீடரைச் செருகி, போனில் பார்த்தேன். கூலன்ட் சூட்டை இசியு ஒரே ஒரு பைட்டில் அனுப்புகிறது. வரும் எண்ணிலிருந்து 40-ஐக் கழித்தால் செல்சியஸ். சந்தை நெரிசலில் அந்த எண் ஏறிக்கொண்டே போனது. 152 வந்தபோது, அதாவது 112 டிகிரியில், கம்ப்ரசர் 'டக்' என்று நின்றது. அவலூர்பேட்டை மெக்கானிக் பானட்டைத் திறந்தார். இரண்டு விசிறிகளில் கண்டென்சர் விசிறி சுற்றியது; ரேடியேட்டர் விசிறி அசையவே இல்லை. ரிலே போயிருந்தது. வேகமாக ஓடும்போது எதிர்க்காற்றே போதும் என்பதால் யாருக்கும் தெரியவில்லை. கேஸ் நிரப்பிய கடைக்காரரும் விசிறியைப் பார்க்கவில்லை.

இன்னும் சில தடவை இப்படியே ஓட்டியிருந்தால் ஹெட் கேஸ்கட் போயிருக்கும். அலுமினிய சிலிண்டர் ஹெட்டே வளைந்திருக்கலாம். ஆகவே நெரிசலில் ஏசி குளிராவிட்டால் முதலில் டாஷ்போர்டில் சூட்டு முள்ளைப் பாருங்கள். பல சின்னக் கார்களில் முள் இல்லை, சிவப்பு விளக்குதான். அது எரிந்தால் ஏசியை அணைத்து ஓரமாக நிறுத்துங்கள். நிறுத்த இடம் கிடைக்கும்வரை ஹீட்டரை முழுதாக வையுங்கள். வேர்த்துக் கொட்டும், ஆனால் எஞ்சின் சூட்டில் கொஞ்சம் வெளியே வரும். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்கவே கூடாது. அழுத்தத்தில் இருக்கும் நீர் முகத்தில் பீய்ச்சி அடிக்கும். ஒரு எச்சரிக்கை: கூலன்ட் முழுக்க ஒழுகிவிட்டால் சென்சார் காற்றில் நின்று குறைவான சூட்டைக் காட்டலாம். அப்போது இசியுவும் ஏமாந்துபோகும்.

இதே வேலையை உங்கள் மேஜைக் கம்ப்யூட்டரும் செய்கிறது. 2000 நவம்பரில் வந்த பென்டியம் 4 பிராசசர், சூடு மிஞ்சினால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டது. இன்றைய பிராசசர்களும் அப்படியே. அதற்கும் அடங்காவிட்டால் கம்ப்யூட்டர் பட்டென்று அணைந்துவிடும். சேமிக்காத ஃபைல் போனதுதான். மாமா வீட்டுக் கம்ப்யூட்டர் மதியத்தில் மட்டும் மெதுவானது. வைரஸ் என்று நினைத்து விண்டோஸை மறுபடி இன்ஸ்டால் செய்யச் சொன்னார். பயாஸில் ஹார்டுவேர் மானிட்டர் பக்கத்தைத் திறந்தேன். வெறுமனே நிற்கும்போதே பிராசசர் 88 டிகிரி. பிளக்கைப் பிடுங்கிவிட்டு கேபினெட்டைக் கழற்றினால், பிராசசர் விசிறிக்குக் கீழே ஹீட்சிங்க் முழுக்கப் பஞ்சு மெத்தை போலத் தூசி. பழைய பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி எடுக்கப் பத்து நிமிடம் ஆனது.