எழுத்தெண்ணும் கூட்டுப்பணி

‘தமிழ்’ என்னும் சொல்லில் எழுத்து எத்தனை? மூன்று என்போம் நாம். நிரல்மொழிகள் பெரும்பாலும் ஐந்து என்கின்றன! யூனிகோடு முறையில் ‘மி’ என்பது மகரமும் இகரக் குறியுமாக இரண்டு. ‘ழ்’ என்பதும் ழகரமும் புள்ளியுமாக இரண்டு. சொல்லைத் திருப்பிப் போடச் சொன்னால் புள்ளி தனியே முன்வந்து நிற்க, இகரக் குறி ழகரத்தில் ஏறிவிடும்.

இக்குறையை நீக்கப் பைத்தான் மொழியில் எழுந்த கூட்டுப்பணிகளுள் ஒன்று ‘ஓப்பன்-தமிழ்’. அதன் மூலநிரலை எம்.ஐ.டி. உரிமத்தின்படி எவரும் எடுத்தாளலாம், திருத்தலாம். இத்தகைய பணியைத் தொடங்குவோர் நோக்கத்தை நாலு வரியில் எழுதி, உரிமத்தையும் உடன் வைத்தல் வேண்டும். உரிமம் இன்றேல் பிறர் கைவைக்க அஞ்சுவர்.

தொலைவு தடையன்று. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் ஆக்கிய ‘கிட்’ என்னும் கருவி, எவ்வரியை யார், என்று மாற்றினார் என்பதைக் கணக்குப்பிள்ளைபோல் குறித்து வைக்கும். நவி மும்பை நெருளில் இருப்பவர் தம் படியில் திருத்தம் செய்து அனுப்பினால், பொறுப்பாளர் சோதித்துச் சேர்த்துக்கொள்வார்.

நிரல் அறிந்தோர்க்கே இது ஆகும் என்று எண்ண வேண்டா. மூன்று குறிகளாகக் கிடக்கும் ‘க்ஷ’வை ஓரெழுத்தாகக் கொள்வதா, இரண்டாகவா? இங்கே இலக்கணம் கற்றவரே துணை. ஊரில் தமிழ் படித்த தாத்தாவும் கணினி படிக்கும் பேரனும் ஒருங்கே அமர்ந்து, தவறாக எண்ணப்படும் ஒரு சொல்லைக் கண்டு, சரியான விடையோடு எழுதி அனுப்பினால் அதுவும் பங்களிப்பே.