ஜோஜிலா கணவாயும் ஆவடி டாங்கியும்

ஆவடிக்காரர்களுக்கு டாங்கி ஒன்றும் அதிசயமில்லை. ‘டேங்க் ஃபேக்டரி’ என்று சொன்னால் போதும், ஆட்டோக்காரர் வழி கேட்க மாட்டார். 1961-ல் தொடங்கிய கனரக வாகனத் தொழிற்சாலையில் விஜயந்தா, அஜேயா, பீஷ்மா, அர்ஜுன் என்று தலைமுறை தலைமுறையாக டாங்கிகள் உருவாகி வருகின்றன.

ஆனால், வெயில் கொளுத்தும் இந்தச் சமவெளியில் பிறக்கும் டாங்கி, மூச்சு முட்டும் லடாக் மலைகளிலும் ஓடியாக வேண்டும். அது எவ்வளவு கஷ்டம் என்பதை 1948-லேயே உலகுக்குக் காட்டிய இடம் ஜோஜிலா கணவாய்.

ஸ்ரீநகரிலிருந்து லே செல்லும் தேசிய நெடுஞ்சாலையில், சோனாமார்க்கைத் தாண்டியதும் வருகிறது ஜோஜிலா. லடாக் மொழியில் ‘லா’ என்றாலே கணவாய்தான். உயரம் சுமார் 11,500 அடி. ஊட்டியைப் போல ஒன்றரை மடங்கு! ஒரு பக்கம் செங்குத்துப் பாறை, மறுபக்கம் அதலபாதாளம். காஷ்மீரின் பச்சைப் பள்ளத்தாக்கு முடிந்து, லடாக்கின் மொட்டை மலைகள் தொடங்குவது இங்கேதான்.

‘தம்பிகள்’ போட்ட பாதை

1948-ல் இந்தக் கணவாயும், அதைத் தாண்டியுள்ள திராஸ், கார்கில் ஊர்களும் எதிரிகளிடம் போய்விட்டன. லே நகரம் தனித்துவிடப்பட்டது. செப்டம்பரில் காலாட்படை நடத்திய தாக்குதல்கள் பலிக்கவில்லை. பனிக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது.

மேஜர் ஜெனரல் திம்மையா ஒரு துணிச்சலான முடிவு எடுத்தார்: ‘டாங்கியை மேலே ஏற்றுவோம்.’

அங்கே இருந்ததோ கோவேறு கழுதைகள் போகும் ஒற்றையடிப் பாதை. அதை வண்டி போகும் பாதையாக அகலப்படுத்தியவர்கள், ராணுவத்தில் ‘தம்பிகள்’ என்று செல்லமாக அழைக்கப்படும் மெட்ராஸ் சாப்பர்ஸ் பொறியாளர் படையினர். பனிச்சறுக்கு ஒரு பக்கம், எதிரியின் குண்டு மறுபக்கம். அதற்கு நடுவில் பாறையை வெடிவைத்துத் தகர்த்தார்கள் நம் தென்னாட்டு வீரர்கள்.

7-வது லைட் கேவல்ரி படையின் ஸ்டூவர்ட் டாங்கிகள், மேல்பகுதி கழற்றப்பட்டு, ரகசியமாக ஸ்ரீநகர் வழியே கொண்டுவரப்பட்டன. நவம்பர் 1-ம் தேதி, கொட்டும் பனியில் அவை கணவாயில் ஏறின. அவ்வளவு உயரத்தில் டாங்கியை எதிரி கனவிலும் எதிர்பார்க்கவில்லை. ஜோஜிலா மீட்கப்பட்டது. அந்த மாதமே கார்கிலும் கைக்கு வந்தது, லே பிழைத்தது.

எடைதான் பிரச்னை

ஸ்டூவர்ட் ஏற முடிந்ததற்கு ஒரு காரணம், அதன் எடை சுமார் 15 டன்தான். 1962-ல் சுஷூலுக்கு விமானத்தில் கொண்டுபோகப்பட்ட டாங்கிகளும் லேசானவையே. பிறகு வந்தவை கனமானவை. பீஷ்மாவின் எடை சுமார் 46 டன். அர்ஜுன் அதையும் மிஞ்சும்.

உயரம் கூடக் கூடக் காற்றின் அடர்த்தி குறையும். மனிதருக்கு மூச்சு வாங்குவதுபோல இன்ஜினுக்கும் வாங்கும். ஆக்சிஜன் போதாமல் இழுவை குறையும். கடுங்குளிரில் டீசல் உறையும், பேட்டரி சோர்ந்துபோகும். 2020-ல் கிழக்கு லடாக்கில் பதற்றம் ஏற்பட்டபோது, கனரக டாங்கிகளையே மேலே கொண்டுபோய் நிறுத்தினார்கள். ஆனால், மலைக்கென்றே லேசான டாங்கி வேண்டும் என்பது அப்போது பளிச்சென்று புரிந்தது.

அதற்கான பதில் ஆவடியிலிருந்து வந்தது. இங்குள்ள போர் வாகன ஆராய்ச்சி நிலையமும் எல் அண்ட் டி நிறுவனமும் சேர்ந்து உருவாக்கிய ‘ஜோராவர்’ டாங்கியின் எடை 25 டன்தான். 19-ம் நூற்றாண்டில் லடாக் மலைகளில் படை நடத்திய தளபதி ஜோராவர் சிங்கின் பெயர் அது. 2024 டிசம்பரில், 4,200 மீட்டருக்கும் மேலான உயரத்தில், லடாக் குளிரில் சுட்டுப் பார்த்தார்கள். குறி தப்பவில்லை.

இனி பனி தடுக்காது

ஜோஜிலா இன்றும் குளிர்காலத்தில் பனியால் மூடிக்கொள்ளும். எல்லைச் சாலைகள் அமைப்பினர் சுவர்போல் எழும்பும் பனியை வெட்டி வழி திறக்கிறார்கள். கணவாய்க்குக் கீழே சுமார் 13 கி.மீ. நீளத்துக்குச் சுரங்கப்பாதைப் பணி நடக்கிறது. அதற்கு முன்னால் உள்ள சோனாமார்க் சுரங்கம் 2025 ஜனவரியில் திறக்கப்பட்டுவிட்டது.

சுரங்கம் முழுமையானால் வருடம் முழுக்க லடாக் போகலாம். கோடை விடுமுறையில் அந்தப் பக்கம் போனால், கணவாய் அருகே உள்ள போர் நினைவுச் சின்னத்தில் ஒரு நிமிடம் நில்லுங்கள். அந்தப் பாதையை முதலில் அகலப்படுத்திய கைகள் நம் தம்பிகளுடையவை!