கரும்புக் கத்திக்கு எந்த ஸ்டீல் நல்லது?

பாக்கெட் கத்தி ஒண்ணு வாங்கலாம்னு ஆன்லைன்ல தேடுங்க. டி2, விஜி-10, எஸ்30வி, எஸ்90வி என்று ஸ்டீல் பெயர்கள் வரிசையாக வந்து நிற்கும். விலை ஏற ஏற ஒரே வாக்குறுதிதான்: கூர் ரொம்ப நாள் நிற்கும். இதுக்கு எட்ஜ் ரிட்டென்ஷன்னு பேர். அப்படியே கச்சிராயபாளையம் பக்கம் கரும்பு வெட்டு நடக்கும்போது போய்ப் பாருங்க. கத்தி பட்டறையில் பழைய லாரி ஸ்பிரிங் பட்டையை அடித்துச் செய்ததாக இருக்கும். சீக்கிரமே மழுங்கும். அரத்தை எடுத்து நாலு இழுப்பு இழுத்துவிட்டு மறுபடி வெட்ட ஆரம்பிப்பாங்க. இவ்வளவு சூப்பர் ஸ்டீல் வந்த பிறகும் ஸ்பிரிங் பட்டை ஏன் ஓடுது? விலை ஒரு காரணம்தான். ஆனா அது மட்டும்னு சொன்னா மெட்டலர்ஜியை விட்டுட்டோம்.

முதலில் கரும்புத் தோட்டத்தைப் பார்ப்போம். கச்சிராயபாளையத்தில் கள்ளக்குறிச்சி இரண்டாவது கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கு. ஆலைக்குப் போகும் கரும்பில் சர்க்கரை அதிகம் இருப்பது அடிப்பகுதியில். அதனால் தரையை ஒட்டி வெட்டணும். தரையை ஒட்டி வெட்டினா கத்தி மண்ணில் படும், சில சமயம் கல்லிலும். மண்ணில் இருக்கும் குவார்ட்ஸின் ஹார்ட்னெஸ் விக்கர்ஸ் அளவில் 1000-க்கு மேல். ஸ்பிரிங் ஸ்டீல் கத்தி சுமார் 500. அதாவது மணல்தான் இங்கே கத்தி, நம்ம கத்திதான் வெட்டுப்படுது. போதாததுக்கு கரும்பு, மண்ணிலிருந்து சிலிக்காவை உறிஞ்சி சோகையில் சேர்த்து வைக்கும் பயிர். சோகை கையைக் கிழிப்பதும் அதனால்தான்.

ஐஎஸ்ஓ 8442-5 என்று ஒரு சர்வதேசத் தர சோதனை இருக்கு. கத்தியை மெஷினில் மாட்டி, அட்டைக் கட்டு ஒன்றை முன்னும் பின்னுமாக அறுக்க விட்டு, மொத்தம் எத்தனை மில்லிமீட்டர் வெட்டியது என்று அளப்பாங்க. அந்த அட்டையில் 5 சதவீதம் சிலிக்கா கலந்திருக்கும், கத்தி சீக்கிரம் தேயணும் என்பதற்காகவே. கரும்புத் தோட்டத்தில் அதே சோதனை இலவசமாக நடக்குது.

சரி, கூர் எப்படிப் போகுது? இங்கேதான் எல்லா ரிவ்யூவும் குழப்புது. மழுங்குறதுன்னு ஒரே வார்த்தையில் சொல்றோமே, அதில் மூணு விதம் இருக்கு. நுனி ஒரு பக்கமாக மடங்கலாம். இதைத் தடுக்கிறது ஹார்ட்னெஸ். நுனி கொஞ்சம் கொஞ்சமாகத் தேயலாம். இதைத் தடுக்கிறது ஸ்டீலுக்குள் இருக்கும் கார்பைடு துகள்கள். மூணாவது, நுனி பல்லு பல்லா உடையலாம். இதைத் தடுக்கிறது டஃப்னெஸ். சிக்கல் என்னன்னா, முதல் ரெண்டையும் ஏத்தினா பெரும்பாலும் மூணாவது இறங்கும். கான்கிரீட்டை நினைச்சுக்கோங்க. ஸ்டீல் சிமெண்ட் மாதிரி, கார்பைடு ஜல்லி மாதிரி. ஜல்லி அதிகமானா தேய்மானத்தைத் தாங்கும். ஆனா மெல்லிய ஓரத்தில் ஜல்லி இருக்கிற இடத்தில்தான் விரிசல் தொடங்கும்.

எஸ்90வி-யில் கார்பன் 2.3 சதவீதம், வனேடியம் 9 சதவீதம். வனேடியம் கார்பைடு சுமார் 2800 விக்கர்ஸ். சாதாரண இரும்புக் கார்பைடான சிமென்டைட் சுமார் 1000. குரோமியம் கார்பைடு நடுவில் 1500-க்கு மேல். இப்போ தீட்டுற கல்லைப் பாருங்க. அலுமினியம் ஆக்ஸைடு கல் சுமார் 2000. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் கார்போரண்டம் கல், அதாவது சிலிக்கான் கார்பைடு, சுமார் 2500. ரெண்டுமே சிமென்டைட்டைச் சுலபமாகச் சீவும். வனேடியம் கார்பைடை மட்டும் சீவாது. சுத்தியிருக்கும் ஸ்டீலைத் தேய்க்கும், துகளை அப்படியே விட்டுவிடும். மணல் தேய்க்க முடியாததைக் கல்லும் தேய்க்க முடியாது, அவ்வளவுதான். கூர் நிற்பதும் தீட்டக் கஷ்டமாக இருப்பதும் ஒரே துகளோட ரெண்டு முகம்.

லாரி ஸ்பிரிங் பட்டையில் கார்பன் 0.5-லிருந்து 0.6 சதவீதம் வரைதான். பெரிய கார்பைடே இருக்காது. ரோட்டுப் பள்ளத்தில் லட்சம் தடவ வளைஞ்சு நிமிரணும் என்று வடிவமைச்ச ஸ்டீல், அதனால் டஃப்னெஸ் அபாரம். பட்டறையில் காய்ச்சி அடித்து, துவைச்சல் போட்டு எடுத்தால் 50 எச்.ஆர்.சி பக்கம் நிற்க வைக்கலாம். அரத்தோட ஹார்ட்னெஸ் சுமார் 64 எச்.ஆர்.சி. அந்த வித்தியாசம் இருப்பதால்தான் அரம் கத்தியைக் கடிக்குது. கத்தி 60-ஐத் தாண்டினா அரம் வழுக்க ஆரம்பிக்கும்.

கரும்பு வெட்டுக் கூலி வழக்கமாக டன் கணக்கில். தீட்டும் நேரத்துக்குத் தனிக் கூலி கிடையாது. கல்லில் பட்டு ஸ்பிரிங் ஸ்டீல் நுனி மடங்கினால் தோட்டத்திலேயே அரத்தால் சரி பண்ணிடலாம். அதே அடி எஸ்90வி-யில் பட்டு நுனி பொரிஞ்சு போனா, வரப்பில் உட்கார்ந்து சரி பண்ண வழியே இல்லை. கிரைண்டருக்குத்தான் போகணும். கிரைண்டரில் கவனமில்லாம அழுத்தினா நுனி நீலமாகும். சாதாரணக் கார்பன் ஸ்டீலில் நீலம்னா சுமார் 300 டிகிரி செல்சியஸைத் தொட்டாச்சுன்னு அர்த்தம். பட்டறையில் போட்ட துவைச்சல் அந்த இடத்தில் போச்சு. சாணை பிடிக்கிறவர் அடிக்கடி தண்ணியில் முக்குவது இதுக்காகத்தான்.

இந்த மாவட்டத்துக்கு இன்னொரு ஸ்டீல் கதையும் இருக்கு. சங்கராபுரம் பக்கத்தில் இருக்கும் மேல்சிறுவள்ளூரில் பழைய வூட்ஸ் எஃகு உற்பத்தி செய்த இடத்தை ஆய்வாளர் சாரதா சீனிவாசன் கண்டறிந்து 1994-ல் கட்டுரை வெளியிட்டார். மண் மூசையில் உருக்கிய, சுமார் 1.5 சதவீதம் கார்பன் உள்ள எஃகு. டமாஸ்கஸ் வாள்களின் மூலப்பொருள் இந்த வகைதான். வாட்ஸ்அப்பில் இதை வைத்து 'உலகின் கூரான எஃகு தமிழனுடையது' என்று ஃபார்வர்டு வரும். 2008-ல் ஜான் வெர்ஹோவன் குழு வூட்ஸ் கத்திகளை இதே மாதிரி அட்டை வெட்டும் மெஷினில் சோதித்தது. 61 எச்.ஆர்.சி-யில் பேரிங் ஸ்டீலான 52100-ம், பிளேடு ஸ்டீலான ஏஇபி-எல்-ம் வூட்ஸை முந்தின. 41 எச்.ஆர்.சி-யில்தான் வூட்ஸ் கொஞ்சம் முன்னே நின்றது. எனக்கு இது பெருமைக் குறைவாகத் தெரியல. ஸ்டீல் மென்மையாக இருந்த காலத்தில் கார்பைடு வரிசை கூரைத் தாங்கியிருக்கு, அதுவும் சாதாரணக் கல்லில் தீட்டக்கூடிய சிமென்டைட்டை வைத்தே.

உங்க பாக்கெட் கத்திக்கு வருவோம். பார்சல் பிரிக்க, பழம் நறுக்க, கல்வராயன் மலைக்குப் போகும்போது கயிறு அறுக்க என்றால் விக்டோரினாக்ஸ் வகை ஸ்டீல் போதும். கார்பன் 0.55 சதவீதம், ஹார்ட்னெஸ் 56 எச்.ஆர்.சி பக்கம், துருப்பிடிக்காது, ரெண்டு நிமிஷத்தில் கூர் திரும்பும். டி2 கூர் நல்லா நிற்கும், ஆனா முழு ஸ்டெயின்லெஸ் கிடையாது. மாங்காய் வெட்டித் துடைக்காம வச்சா கறை படியும். நாள் முழுக்க அட்டைப்பெட்டி அறுக்கிற வேலை என்றால் மட்டும் வனேடியம் ஸ்டீலுக்குக் காசு போடுறதில் நியாயம் இருக்கு. அங்கே கல்லும் மண்ணும் கிடையாது, நுனி பொரியாது, தேய்மானம் மட்டும்தான்.

ஸ்டீலை மாத்துறதுக்கு முன்னாடி கோணத்தை மாத்திப் பாருங்க. பக்கத்துக்கு 20 டிகிரி இருப்பதை 15 ஆக்கினா அதே கத்தி முன்னைவிட லேசாக வெட்டும். தீட்டும்போது ஒரு பக்கம் தேய்க்கத் தேய்க்க மறுபக்க ஓரத்தில் பிசிறு விரலில் தட்டுப்படணும். அது முழு நீளத்துக்கும் வந்த பிறகுதான் கத்தியைத் திருப்பணும். கடைசியில் பிசிறை லேசான இழுப்பில் எடுத்துடுங்க, விட்டா அதுவே மடங்கிக் கூரை மறைக்கும். இவ்வளவுக்கும் கார்போரண்டம் கல் தாராளம். எஸ்90வி வாங்கினா மட்டும் டயமண்ட் பிளேட் விலையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்க.