ரூட்டரை ரீசெட் செய்துவிட்டீர்களா? ஆபீஸ் நெட்வொர்க்கை மீட்பது எப்படி?

மேற்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஜூலை 31-ம் தேதியுடன் முடிகிறது. அன்று மாலை குளச்சலில் வலை, கயிறு விற்கும் கடைகளில் நிற்க இடம் இருக்காது. அப்படி ஒரு மாலையில்தான் தெரிந்த கடைக்காரர் ஒருவர் எனக்குப் போன் செய்தார். "தம்பி, நெட்டு இல்ல, பிரிண்டர் ஓடல்ல, டேலியும் திறக்கல்ல. எல்லாம் ஒண்ணா போச்சு."

"ரூட்டரை யாராவது தொட்டாங்களா அண்ணாச்சி?" என்று கேட்டேன். இன்டர்நெட் மெதுவாக இருக்கிறது என்று கடைப் பையன் ரூட்டரின் பின்பக்கம் உள்ள சிறு துளையில் குண்டூசியை விட்டுப் பத்து விநாடி அழுத்தியிருக்கிறான். ஸ்விட்சை அணைத்துப் போடுவதும் இதுவும் ஒன்று என்று நினைத்துவிட்டான். இரண்டும் வேறு. ஸ்விட்சை அணைத்துப் போட்டால் நாம் செய்த செட்டிங்ஸ் எதுவும் அழியாது. துளையில் உள்ள ரீசெட் பட்டனை அழுத்திப் பிடித்தாலோ, ரூட்டர் தொழிற்சாலையிலிருந்து வந்த நாளின் நிலைக்குப் போய்விடும். நீங்கள் வைத்த வை-பி பெயர், பாஸ்வேர்டு, இன்டர்நெட் கணக்கின் யூசர் நேம் எல்லாம் போய்விடும்.

படகுக்காரர்கள் யார் யார் எவ்வளவு பாக்கி என்ற கணக்கு முழுவதும் அந்த டேலியில்தான் இருந்தது. அதைப் பார்க்காமல் புதிதாகக் கடன் கொடுக்க முடியாது. மறுநாள் படகுகள் கிளம்பிவிடும். எனவே முதலில் இன்டர்நெட்டைச் சரி செய் என்றுதான் அவர் அவசரப்படுத்தினார். நான் அதைக் கடைசிக்குத் தள்ளினேன். டேலி பைல்கள் இருந்தது கடையின் உள்ளறையில் உள்ள கம்ப்யூட்டரில். பிரிண்டர் இருந்தது மேசை மேல். இவற்றுக்கும் வெளியுலக இன்டர்நெட்டுக்கும் சம்பந்தமே இல்லை. உள்ளே உள்ள லேன் சரியானால் போதும். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலர் இந்த இரண்டையும் ஒன்றாகவே நினைக்கிறார்கள்.

பின் ஏன் உள்ளே உள்ளவையும் நின்றன? நெட்வொர்க்கில் உள்ள ஒவ்வொரு சாதனத்திற்கும் ஐ.பி. முகவரி என்ற நான்கு எண்கள் உண்டு. வீடு, சிறு ஆபீஸ்களில் பெரும்பாலும் முதல் மூன்று எண்கள் தெருப் பெயர் போல. கடைசி எண் கதவு எண். ஒரே தெருவில் இருப்பவைதான் ஒன்றோடு ஒன்று நேரடியாகப் பேச முடியும். கடைக் கம்ப்யூட்டரின் நெட்வொர்க் செட்டிங்ஸைத் திறந்து பார்த்தேன். அதற்கு 192.168.0.10 என்று நிரந்தர முகவரி கொடுத்திருந்தார்கள். கேட்வே என்ற இடத்தில் 192.168.0.1 என்று இருந்தது. அதாவது ரூட்டரின் பழைய முகவரி அதுதான். பிரிண்டருக்கும் அதே தெருவில் 50-ம் எண். ரீசெட் ஆன ரூட்டரோ 192.168.1.1 என்ற வேறு தெருவுக்குப் போய், மற்ற கம்ப்யூட்டர்களுக்கும் அந்தத் தெருவிலேயே முகவரி கொடுத்துக்கொண்டிருந்தது.

இப்போது இரண்டு வழிகள். எல்லாச் சாதனங்களையும் புதுத் தெருவுக்கு மாற்றலாம். அல்லது ரூட்டர் ஒன்றை மட்டும் பழைய தெருவுக்கு அழைத்து வரலாம். இரண்டாவதுதான் சுலபம்.

ரூட்டரின் அடியில் உள்ள ஸ்டிக்கரில் வை-பி பெயரும் பாஸ்வேர்டும் அச்சிட்டிருக்கும். அதைக் கொண்டு செல்போனை இணைத்திடுங்கள். மொபைல் டேட்டாவை மறக்காமல் அணைத்திடுங்கள். இல்லாவிட்டால் வை-பியில் இன்டர்நெட் இல்லை என்று போன் டேட்டா பக்கம் தாவிவிடும், ரூட்டர் பக்கம் திறக்காது. பிரவுசரில் 192.168.1.1 என டைப் செய்தால் லாகின் கேட்கும். உள்ளே லேன் என்ற பிரிவில் ரூட்டரின் முகவரியை 192.168.0.1 என மாற்றி சேவ் செய்திடுங்கள். அந்த நொடியே பக்கம் நின்றுவிடும். பயப்பட வேண்டாம், வை-பியை அணைத்து மீண்டும் இணைத்து, புதிய முகவரியை டைப் செய்தால் திறக்கும். டி.எச்.சி.பி. என்ற இடத்தில், ரூட்டர் தானாக வழங்கும் எண்கள் 100 முதல் 199 வரை என வைத்தேன். அப்போது 10, 50 ஆகிய நிரந்தர எண்களை அது வேறு யாருக்கும் தூக்கிக் கொடுக்காது.

அடுத்து வை-பி. பழைய பெயர், பழைய பாஸ்வேர்டு இரண்டையும் ஓர் எழுத்துகூட மாறாமல் கொடுத்தோம். எல்லாப் போன்களும், பில் போடும் லேப்டாப்பும் தாமாகவே வந்து ஒட்டிக்கொண்டன. புதுப் பெயர் வைத்தால் ஒவ்வொன்றிலும் திரும்பப் பாஸ்வேர்டு போட வேண்டும். மேலும் விண்டோஸ் அதைப் புது நெட்வொர்க் என்று எண்ணி 'பப்ளிக்' என வைத்துக்கொள்ளும். ஷேர் செய்த போல்டர்கள் மற்றவர்களுக்குத் தெரியாது. அப்படி ஆனால் செட்டிங்ஸில் அந்த நெட்வொர்க்கை 'பிரைவேட்' என மாற்ற வேண்டும்.

கேபிளில் இருந்த கம்ப்யூட்டர்களுக்குக் கேபிளைக் கழற்றி மாட்டினோம். டேலி திறந்தது. பிரிண்டர் காத்திருந்த பில்கள் அத்தனையையும் மளமளவென்று துப்பியது.

பிறகுதான் இன்டர்நெட். ரூட்டரில் பி.பி.பி.ஓ.இ. என்பதைத் தேர்ந்தெடுத்து, சேவை நிறுவனம் கொடுத்த யூசர் நேம், பாஸ்வேர்டு தர வேண்டும். இதை யாரும் யூகிக்க முடியாது. பழைய பைல் கட்டுகளைப் புரட்டியதில், இணைப்பு கொடுத்த நாளில் கையால் எழுதிய ஒரு சீட்டு கிடைத்தது. இல்லையென்றால் கஸ்டமர் கேருக்குப் போன் செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். இந்தக் கடையில் பைபர் பெட்டி தனி, ரூட்டர் தனி. இரண்டும் ஒரே பெட்டியாக இருப்பவர்கள் அதன் ரீசெட் துளைப் பக்கமே போகாதீர்கள். நிறுவனம் உள்ளே பதிந்த எண்களும் அழிந்தால் அவர்கள் ஆள்தான் வர வேண்டியிருக்கும்.

கடைசியாக கேமரா. வீட்டிலிருந்து பார்க்க முன்பு போர்ட் பார்வர்டிங் செய்திருந்தார்களாம். அதை மட்டும் நான் திரும்பப் போடவில்லை. அது ரூட்டரின் சுவரில் ஓட்டை போடுவது. 2016-ல் 'மிராய்' என்ற கேடு புரோகிராம் உலகெங்கும் ஏராளமான கேமராக்களையும் ரூட்டர்களையும் பிடித்தது, அவற்றில் கம்பெனி வைத்த பாஸ்வேர்டை யாரும் மாற்றாததால்தான். கேமரா நிறுவனத்தின் ஆப் வழியாகவே பார்க்கும்படி செய்து, கேமரா, ரூட்டர் இரண்டின் அட்மின் பாஸ்வேர்டையும் மாற்றினேன்.

போகும் முன் ரூட்டரில் 'பேக்கப்' என்பதைக் கிளிக் செய்து, செட்டிங்ஸ் முழுவதையும் ஒரு பைலாகப் பென் டிரைவில் எடுத்துக் கொடுத்தேன். அடுத்த முறை 'ரீஸ்டோர்' கொடுத்தால் சில நிமிட வேலைதான். ஆனால் அந்தப் பைல் பொதுவாக அதே மாடல் ரூட்டருக்குத்தான் பொருந்தும். ஐப்பசி இடியில் ரூட்டரே கருகிவிட்டால் பயன்படாது. ஆகவே ரூட்டர் முகவரி, நிரந்தர எண்கள், வை-பி பெயர், இன்டர்நெட் யூசர் நேம், எல்லாப் பாஸ்வேர்டுகளையும் ஒரு தாளில் எழுதி, கல்லாப்பெட்டியில் பூட்டி வைத்தோம். துளையின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டினார் அண்ணாச்சி.