யுரேனியம், அடிப்படை உலோகங்கள் தேடல்: கதிரியக்க அளவாய்வும் புவிவேதியியல் அளவாய்வும்

யுரேனியமும், செம்பு, காரீயம், துத்தநாகம், நிக்கல் போன்ற அடிப்படை உலோகங்களும் நிலத்துக்குள் எங்கே செறிந்து கிடக்கின்றன என்பதைக் கண்டறிய இரண்டு வகை அளவாய்வுகள் பெரிதும் பயன்படுகின்றன. பாறையும் மண்ணும் வெளியிடும் காமா கதிர்களை அளப்பது கதிரியக்க அளவாய்வு. மண், ஓடை வண்டல், நீர், செடிகொடிகள் ஆகியவற்றில் தனிமங்களின் அளவைச் சோதித்தறிவது புவிவேதியியல் அளவாய்வு. இவை இரண்டும் தாதுப் படிவத்தை நேரடியாகக் காட்டுவதில்லை. எந்த இடத்தில் துளையிட்டுப் பார்க்கலாம் என்பதை மட்டுமே சொல்கின்றன. இந்த வேறுபாட்டை மறந்துவிட்டுக் கருவியின் முள் உயர்ந்த இடமெல்லாம் யுரேனியச் சுரங்கம் என்று எண்ணுவது பரவலான பிழை.

புவியோட்டில் ஒரு டன் பாறைக்குச் சராசரியாக 3 கிராம் யுரேனியமும், 50 முதல் 60 கிராம் வரை செம்பும் உள்ளன. அதாவது இவை எங்கும் இருக்கின்றன. வீட்டுத் தோட்டத்து மண்ணிலும் இருக்கின்றன. இயற்கை இவற்றை ஓரிடத்தில் பல நூறு மடங்கு சேர்த்து வைத்திருந்தால்தான் அது தாது. ஜார்க்கண்டின் ஜாதுகுடா தாதுவில்கூட ஒரு டன்னுக்கு ஒரு கிலோ யுரேனியம் கிடைப்பதில்லை.

சிங்பூம் பட்டை

இவ்விரு அளவாய்வுகளும் ஏன் ஒன்றாகச் செய்யப்படுகின்றன என்பதற்கு ஜார்க்கண்ட் மாநிலத்தின் சிங்பூம் பகுதி நல்ல சான்று. பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று உரசி நகர்ந்து நசுங்கிய ஒரு பட்டை அங்கே 150 கிலோமீட்டருக்கும் மேல் வளைந்து செல்கிறது. நசுங்கிய பாறையின் விரிசல்கள் வழியே பழங்காலத்தில் ஏறிவந்த சூடான நீர்மங்கள் செம்பு, நிக்கல், மாலிப்டினம், யுரேனியம் ஆகியவற்றைப் படியவைத்தன. அங்கே செம்பு எடுக்கப்படுவது மிகப் பழைய வழக்கம். முன்னோர் உருக்கிக் கொட்டிய கசடுக் குவியல்களைப் பார்த்துத்தான் 19ஆம் நூற்றாண்டில் நவீனச் செம்புத் தேடலும் தொடங்கியது.

இந்தியா விடுதலை பெற்ற பின், 1949இல் நிலவியல் அறிஞர் டி. என். வாடியா தலைமையில் அரிய கனிமங்களுக்கான அளவாய்வுப் பிரிவு ஒன்று அமைக்கப்பட்டது. இன்று ஐதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கும் அணுக் கனிமங்கள் இயக்குநரகத்தின் தொடக்கம் அதுவே. சிங்பூம் செம்புப் பட்டையில் தேடியபோது 1951இல் ஜாதுகுடா படிவம் கண்டறியப்பட்டது. அங்கே சுரங்கம் நடத்த இந்திய யுரேனியக் கழகம் 1967இல் நிறுவப்பட்டது. பின்னாளில் மொசபானி, சுர்தா, ராக்கா செம்புச் சுரங்கங்களில் செம்பைப் பிரித்தெடுத்தபின் எஞ்சிய கழிவுத் தூளிலிருந்தும் யுரேனியம் மீட்கப்பட்டது. செம்பு இருக்கும் இடத்தில் யுரேனியத்தையும், யுரேனியம் இருக்கும் இடத்தில் செம்பையும் தேடுவது அங்கே பயன் தந்த வழி.

காமா கதிர்களை அளத்தல்

இயற்கைப் பாறையிலிருந்து வரும் காமா கதிர்கள் பெரும்பாலும் மூன்று மூலங்களைச் சேர்ந்தவை: பொட்டாசியம்-40, யுரேனியத் தொடர், தோரியத் தொடர். ஒவ்வொன்றின் கதிருக்கும் தனி ஆற்றல் உண்டு. பொட்டாசியத்தை 1.46 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட்டிலும், யுரேனியத் தொடரை 1.76இலும், தோரியத் தொடரை 2.62இலும் அடையாளம் காண்கிறார்கள். சோடியம் அயோடைடு படிகம் பொருத்திய நிறமாலைமானி மூன்றையும் பிரித்து எண்ணும். பழைய கைகர் எண்ணி மொத்த எண்ணிக்கையை மட்டுமே தரும்.

பிரித்து எண்ணுவது எவ்வளவு முக்கியம் என்பதை அறியக் கன்னியாகுமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சிக் கடற்கரை போதும். அங்கே கைகர் எண்ணி பலமாக ஒலிக்கும். ஆனால் காரணம் மோனசைட் மணல். அதில் இருப்பது முக்கியமாகத் தோரியம். யுரேனியம் அரை சதவீதம்கூட இல்லை. மொத்த எண்ணிக்கையை மட்டும் நம்பினால் தோரியக் கடற்கரையும் யுரேனியப் பாறையும் ஒன்றாகவே தெரியும்.

பெரும்பரப்பை முதலில் விமானம் அல்லது ஹெலிகாப்டர் தாழப் பறந்து, இணையான கோடுகளில் அளக்கிறது. விமானத்தின் சொந்தக் கதிர்வீச்சு, அண்டக் கதிர்கள், காற்றில் உள்ள ரேடான் ஆகியவற்றைக் கழித்த பின்பே வரைபடம் தயாராகும். அதில் தனித்துத் தெரியும் இடங்களுக்குத் தரைக்குழு நடந்துபோய்க் கைக்கருவியால் மறுபடி அளக்கும்.

இந்த முறைக்குப் பெரிய வரம்பு ஒன்று உண்டு. கருவியை வந்தடையும் காமா கதிர்களில் பெரும்பகுதி மேலுள்ள சுமார் அரை மீட்டர் மண்ணிலிருந்தும் பாறையிலிருந்தும் வருபவை. அதற்குக் கீழே எவ்வளவு வளமான தாது இருந்தாலும் மேலுள்ள மண் கதிரை விழுங்கிவிடும். கனடாவின் சிகார் ஏரிப் படிவம் உலகின் மிகச் செறிவான யுரேனியப் படிவங்களுள் ஒன்று. ஆனால் அது 400 மீட்டருக்கும் கீழே, மணற்கல்லுக்கு அடியில் கிடக்கிறது. 1981இல் அதைக் கண்டறிய, அடியில் உள்ள மின்கடத்தும் கிராபைட்டுப் பாறையைத் தேடும் மின்காந்த அளவாய்வும் துளையிடலும் தேவைப்பட்டன. மழையும் குழப்பும்: ஈரமண் கதிரைக் குறைத்துக் காட்டும், மழை காற்றிலுள்ள ரேடானின் சேய்ப் பொருட்களைத் தரைக்குக் கொண்டுவந்து சில மணி நேரத்துக்கு அளவைக் கூட்டிக் காட்டும்.

தாத்தாவும் பேரனும்

மாணவர்கள் பலரும் தவறவிடும் இடம் இது. 1.76 ஆற்றலில் அளக்கப்படும் கதிர் யுரேனியத்திலிருந்து வருவதில்லை. யுரேனியம்-238 சிதைந்து சிதைந்து, ரேடியம்-226, ரேடான்-222 ஆகியவற்றைக் கடந்து உருவாகும் பிஸ்மத்-214தான் அதை வெளியிடுகிறது. பேரப்பிள்ளைகளின் தலையை எண்ணித் தாத்தா வீட்டில் இருக்கிறார் என்று முடிவு செய்வது போன்றது இது. குடும்பம் கலையாமல் ஒரே இடத்தில் நெடுங்காலம் இருந்திருந்தால் கணக்கு சரியாக வரும்.

ஆனால் தாத்தா வெளியூர் போய்விடக்கூடியவர். ஆக்சிஜன் நிறைந்த நீரில் யுரேனியம் எளிதில் கரைந்து ஓடிவிடும். ரேடியம் பெரும்பாலும் அங்கேயே தங்கும். அப்போது கருவி உயர்ந்த அளவைக் காட்டும், யுரேனியம் இருக்காது. கரைந்துபோன யுரேனியம் வேறிடத்தில் அண்மையில் படிந்திருந்தால் நேர்மாறாக நடக்கும்: யுரேனியம் இருக்கும், பேரப்பிள்ளைகள் இன்னும் பிறந்திருக்க மாட்டார்கள், கருவி பேசாது. இதனால்தான் காமா அளவிலிருந்து கிடைக்கும் எண்ணைச் 'சமான யுரேனியம்' என்று தனிப் பெயரிட்டு எழுதுகிறார்கள். வேதியியல் சோதனையில் கிடைக்கும் உண்மையான யுரேனியத்தோடு அதை ஒப்பிட்டுப் பார்த்தால், யுரேனியம் வந்து சேர்ந்ததா, ஓடிப்போனதா என்பதும் தெரியும்.

புவிவேதியியல் அளவாய்வு

செம்புக்கும் துத்தநாகத்துக்கும் கதிர் கிடையாது. காரீயத்தையும் கதிரால் தேட முடியாது. அவற்றுக்கு மண்ணையும் நீரையும்தான் கேட்க வேண்டும்.

ஓடை வண்டல் எடுப்பது முதல் படி. ஓர் ஓடை தன் நீர்ப்பிடிப்புப் பகுதி முழுவதையும் கழுவிக்கொண்டு வருவதால், அதன் ஒரு கைப்பிடி வண்டல் பல சதுர கிலோமீட்டருக்குச் சான்று சொல்லும். ஓடைகள் கூடும் இடத்துக்குச் சற்று மேலே ஒவ்வொரு கிளையிலும் மாதிரி எடுத்து, உலர்த்தி, வழக்கமாக அங்குலத்துக்கு 80 கண்கள் உள்ள சல்லடையில் சலித்து, நுண்பகுதியை ஆய்வகத்துக்கு அனுப்புவர். எந்தக் கிளையில் அளவு கூடுகிறதோ அதைப் பின்பற்றி மேலே ஏறிச் சென்று, குறிப்பிட்ட இடைவெளியில் மண் மாதிரிகள் எடுக்கப்படும்.

சாதாரணமாகக் காணப்படும் அளவு பின்னணி. அதைத் தெளிவாக மீறுவது பிறழ்வு. பின்னணி எல்லா இடத்திலும் ஒன்றல்ல. தக்காணத்து எரிமலைப் பாறை மண்ணில் பத்து லட்சத்தில் 100 பங்கு செம்பு இயல்பானது. கிரானைட் நிலத்தில் அதே அளவு கிடைத்தால் நின்று பார்க்க வேண்டும். பாறை வகையைக் கேட்காமல் எண்ணை மட்டும் வரைபடத்தில் குறிப்பது நிலவியல் வரைபடத்தையே திரும்ப வரைவதாக முடியும்.

தனிமங்கள் பயணம் செய்யும் விதமும் வேறுபடுகிறது. துத்தநாகம் நீரில் வெகுதூரம் போகும், காரீயம் பிறந்த இடத்தை விட்டு அதிகம் நகராது, செம்பு இடைப்பட்டது. இரும்பு, மாங்கனீசு ஆக்சைடுகளும் மட்கிய இலைதழையும் இவற்றை ஈர்த்துப் பிடித்துக்கொள்வதால், தாதுவே இல்லாத சதுப்பில் பொய்ப் பிறழ்வு தோன்றும். யுரேனியமும் மட்கில் ஒட்டிக்கொள்ளும். மேகாலயாவின் டோமியாசியாட் மணற்கல்லில் யுரேனியம் படிந்ததற்கும் பழங்காலத் தாவரக் கரிப்பொருள் முக்கியக் காரணம்.

மனிதர் கலக்கும் பொருட்கள் தனித் தொல்லை. துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயில் தேங்கிய நீரை மாதிரியாக எடுத்தால் ஊரெல்லாம் துத்தநாகச் சுரங்கமாகத் தெரியும். ஆகவே ஆழ்துளைக் கிணற்று நீரைச் சிறிது நேரம் இறைத்துவிட்ட பிறகே பிடிக்க வேண்டும். மயில்துத்தம் தெளித்த தோட்டத்து மண்ணில் செம்பு கூடும். பாஸ்பேட் உரத்தில் சிறிதளவு யுரேனியம் உண்டு. களக்குறிப்பேட்டில் இவற்றை எழுதாத மாதிரி, எத்தனை விலையுயர்ந்த கருவியில் சோதித்தாலும் பயனற்றது.

நீர் மாதிரிகளில் யுரேனியத்தை லேசர் ஒளிர்வு அளவி கொண்டு நூறு கோடியில் ஒரு பங்கு வரை அளக்கலாம். மண்ணின் துளைகளில் உள்ள ரேடான் வாயுவை அளப்பது மற்றொரு வழி. ரேடானின் அரை ஆயுட்காலம் 3.8 நாள் என்பதால், சிதைவதற்குள் அது சில மீட்டர் மேலேறி வந்து, காமா கதிரால் சொல்ல முடியாத ஆழத்துச் செய்தியைச் சொல்லும். தோரியத்திலிருந்து வரும் தோரான் ஒரு நிமிடத்துக்குள் பாதியாகிவிடுவதால் இரண்டையும் வேறுபடுத்துவது கடினமல்ல.

துளையிடலும் அதன் பின்னும்

இரு அளவாய்வுகளும் ஒரே இடத்தைச் சுட்டினால் துளையிடல் நியாயமாகிறது. துளைக்குள் காமா கருவியை இறக்கி யுரேனியத்தின் தடிப்பையும் அளவையும் உடனே மதிப்பிடலாம். செம்புக்குப் பாறைத் தண்டை அறுத்து வேதியியல் சோதனை செய்துதான் ஆக வேண்டும். பெரும்பாலான பிறழ்வுகள் இக்கட்டத்தில் கைவிடப்படுகின்றன. தாது மெல்லியதாக இருக்கலாம், தொடர்ச்சியற்றதாக இருக்கலாம், பிரித்தெடுக்க முடியாததாகவும் இருக்கலாம். ஆந்திரத்தின் தும்மலப்பள்ளி இதற்கு மறுபக்கம்: தரம் குறைந்த தாதுதான்; ஆனால் சுண்ணாம்புப் பாறைப் படுகையில் பல கிலோமீட்டர் சீராக நீள்வதாலும், அதற்கேற்ற காரமுறைப் பிரிப்பு உருவாக்கப்பட்டதாலும் 2012இல் சுரங்கமாயிற்று.

வானிலிருந்து அளப்பதும் ஓடை மண் அள்ளுவதும் நிலத்தைப் பெரிதாகத் தொடுவதில்லை. துளையிடலுக்கோ பாதையும் நீரும் இயந்திரமும் வேண்டும். தெலங்கானாவின் நல்லமலைக் காட்டில் யுரேனிய ஆய்வு பற்றிய பேச்சு எழுந்தபோது மக்கள் எதிர்த்தனர். 2019 செப்டம்பரில் மாநிலச் சட்டமன்றமும் அங்கே யுரேனியச் சுரங்கம் கூடாதென்று தீர்மானம் நிறைவேற்றியது. தேடல் எங்கே முடிகிறது, சுரங்கம் எங்கே தொடங்குகிறது என்ற கேள்விக்கு அறிவியல் தரும் விடையும் ஊரார் தரும் விடையும் ஒன்றாக இருப்பதில்லை.

தாது கிடைக்காமல் போன இடங்களின் நீர் மாதிரிக் கணக்கும் வீணன்று. குடிநீரில் லிட்டருக்கு 30 மைக்ரோகிராம் யுரேனியம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் தற்காலிக வழிகாட்டு அளவு. கிணறு வாரியாக எடுத்த புவிவேதியியல் அளவுகளை அந்த எண்ணோடு ஒப்பிட்டால், எந்த ஊருக்கு வேறு நீர் ஆதாரம் வேண்டும் என்பது தெரிந்துவிடும்.