பள்ளி தோட்டத்துல, பிள்ளை தாமான்ல: நாம என்ன செய்யலாம்?

[திரையில்: கோலசிலாங்கூர், உலு சிலாங்கூர் வரைபடம்]

"நம்ம தமிழ்ப்பள்ளிக்கு ஏதாவது செய்யணும்"னு ஒருத்தருக்குத் தோணுச்சுன்னா, முதல்ல பெயிண்ட் டின்தான் வாங்குவாரு. இல்லன்னா புத்தகப்பை. நல்ல மனசுதான், குறை சொல்லல. ஆனா வட சிலாங்கூர் தோட்டப்பள்ளிகள் பலதுல சுவரை விட பெரிய கவலை ஒண்ணு இருக்கு. பிள்ளைங்க எண்ணிக்கை.

ஏன் குறையுது? கொஞ்சம் பழைய கதைக்குப் போகணும்.

[திரையில்: 1917]

பெஸ்தாரி ஜெயா, அதாவது பழைய பத்தாங் பெர்ஜுந்தை. அந்த வட்டாரத்துலதான் தென்னமரம் தோட்டம். மலாயாவுல முதன்முதலா வணிகத்துக்காகச் செம்பனை நட்டது அங்கதான். நட்டவர் ஹென்றி ஃபோகோனியேங்கிற பிரெஞ்சுக்காரர். ரப்பர் தோட்டமோ செம்பனைத் தோட்டமோ, பாடுபட்டது நம்ம ஆளுங்க. 7 வயசுல இருந்து 14 வயசுக்குள்ள 10 பிள்ளைங்க இருந்தா, தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்கணும்னு 1923 தொழிலாளர் சட்டம் சொல்லுச்சு. அப்படித்தான் தோட்டத்துக்குத் தோட்டம் பள்ளி வந்துச்சு. லயத்துல இருந்து நடந்தே போயிடலாம்.

அப்புறம் தோட்டங்கள் கைமாறிச்சு. சிலது வீடமைப்பா மாறிச்சு. பால் மரம் சீவின இடத்துக்கு வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வந்தாங்க. நம்ம குடும்பங்கள் புஞ்சாக் ஆலாம், புக்கிட் செந்தோசா மாதிரி தாமான்களுக்குக் குடிபோயிட்டாங்க. பள்ளிக்கூடம் மட்டும் செம்பனைக்கு நடுவுலயே இருக்கு. பள்ளிக்கும் பிள்ளைக்கும் நடுவுல விழுந்த இந்தத் தூரத்தை எது குறைக்குதோ, அதுதான் உண்மையான உதவி.

[திரையில்: 150]

இந்த எண்ணை மனசுல வச்சுக்குங்க. ஒரு பள்ளி 150 மாணவருக்குக் கீழ போனா, கல்வி அமைச்சு அதைக் குறைந்த மாணவர் பள்ளின்னு வகைப்படுத்துது. இன்னும் ரொம்பக் குறைஞ்சா ரெண்டு வெவ்வேறு ஆண்டுப் பிள்ளைங்களை ஒரே வகுப்புல வச்சுச் சொல்லிக்கொடுக்க வேண்டி வரும். அதைப் பார்த்து இன்னும் ரெண்டு பெற்றோர் வேற பள்ளி தேடுவாங்க. எண்ணிக்கை மறுபடி குறையும்.

சரி, என்ன செய்யலாம்?

முதல்ல, பதிவு. ஒண்ணாம் ஆண்டுப் பதிவு பள்ளி திறக்கிறதுக்கு ரொம்ப முன்னாடியே இணையத்துல நடக்குது. ஷிஃப்ட் வேலைக்குப் போற அம்மா அப்பா பலருக்குத் தேதி போனப்புறம்தான் தெரியும். உங்க தாமான்ல 5, 6 வயசுப் பிள்ளை எந்த வீட்டுல இருக்குன்னு உங்களுக்குத்தான் தெரியும், தலைமையாசிரியருக்குத் தெரியாது. கோயில்ல, பாலர் பள்ளி வாசல்ல பேசுங்க. கைப்பேசியில பதிவு செய்யத் தெரியாதவங்க பக்கத்துல உட்கார்ந்து செஞ்சு கொடுங்க. 'தமிழ்ப்பள்ளியே நமது தேர்வு'ன்னு பதாகை கட்டுறது ஒரு வேலை. பதிவுப் படிவத்தை நிரப்ப வைக்கிறது அதை விட முக்கியமான வேலை.

ரெண்டாவது, பஸ். என்னைக் கேட்டா இதைத்தான் பெருசுன்னு சொல்வேன். தாமான்ல இருந்து தோட்டத்துக்குப் பொதுப் பேருந்தை நம்பி 7 வயசுப் பிள்ளையை அனுப்ப முடியாது. பள்ளி பஸ், வேன் கட்டணம் மாசாமாசம் வரும். ரெண்டு மூணு பிள்ளை இருக்கிற வீட்டுல அந்தக் காசுதான் எந்தப் பள்ளிங்கிறதையே முடிவு பண்ணுது. சிலாங்கூர் மாநில அரசு தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்குப் பேருந்துக் கட்டண உதவி கொடுக்குது. விண்ணப்பம் எப்பன்னு பள்ளியில கேட்டுப் பெற்றோர்கிட்ட சொல்லுங்க. அது போதாத குடும்பத்துக்கு, நாலு பேர் சேர்ந்து ஒரு பிள்ளையோட கட்டணத்தை ஆண்டு முழுக்க ஏத்துக்கலாம். ஒரு தடவை பெரிய தொகை கொடுத்துப் படம் எடுக்கிறதை விட, மாசாமாசம் சின்னத் தொகை கொடுக்கிறது பிள்ளையைப் பள்ளியில வச்சிருக்கும்.

இப்படிச் சின்னத் தொகையைச் சேர்த்துச் செய்யுறது நமக்குப் புதுசும் இல்ல. தோட்டங்களைத் துண்டு போட்டு வித்தப்போ, 1960ல துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டத் தொழிலாளிங்க சேர்த்த பங்குப் பணத்துலதான் தோட்டமே வாங்கினாங்க.

மூணாவது, படிப்பு. 1982ல தொடங்கின ஸ்ரீ முருகன் நிலையம்ங்கிற கல்வி அமைப்புக்கு முதுகெலும்பே தொண்டூழியமா வந்து பாடம் நடத்தின பட்டதாரிகளும் பல்கலைக்கழக மாணவர்களும்தான். நீங்களும் தாமான் மண்டபத்துல வாரம் ஒரு சாயங்காலம் வாசிப்பு, கணக்குன்னு தொடங்கலாம். பள்ளிக்குள்ள நடத்தணும்னா தலைமையாசிரியர் அனுமதி வாங்கிட்டுத்தான்.

நாலாவது, நிலம். பல தோட்டப்பள்ளிகள் பகுதி உதவி பெறும் பள்ளிகள். ஆசிரியர் சம்பளம் அரசு கொடுக்கும். ஆனா நிலம் தோட்டக் கம்பெனி பேர்ல இருந்தா, கூடுதல் கட்டடம் கட்டுறது அவ்வளவு சுலபமில்ல. நீங்க வழக்கறிஞரா, நில அளவையாளரா? பள்ளி மேலாளர் வாரியத்தைப் போய்ப் பாருங்க. நிலப் பட்டா, நில அலுவலகக் கடிதம் இதுக்கெல்லாம் அவங்களுக்கு ஆள் வேணும். முன்னாள் மாணவர்களுக்கும் நன்கொடையாளர்களுக்கும் வாரியத்துல இடம் உண்டு.

[திரையில்: காசு கொடுக்கும் முன்]

கடைசியா, பணம். ஆசிரியர் கையில கொடுக்காதீங்க. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கணக்குல போட்டு ரசீது வாங்குங்க. வரி விலக்கு வேணும்னா, வருமான வரி வாரியம் அங்கீகரிச்ச நிதியான்னு முதல்லயே கேளுங்க. எல்லா ரசீதுக்கும் விலக்கு கிடைக்காது. பொருள் வாங்குறதுக்கு முன்னாடி, என்ன வேணும்னு கேளுங்க. நூலகத்துல ஏற்கெனவே 40 அகராதி இருக்கிற பள்ளிக்கு 41ஆவது எதுக்கு?

பெற்றோரா இருந்தா சங்கத்தோட ஆண்டுக் கூட்டத்துக்குப் போங்க, கணக்கைக் கேளுங்க. பிள்ளை இல்லாதவங்க, படிச்சு முடிச்சவங்க, இந்த வாரமே உங்களுக்குக் கிட்டத்துல இருக்கிற பள்ளிக்குப் போன் போட்டு ஒரே கேள்வி கேளுங்க: "அடுத்த வருஷம் ஒண்ணாம் ஆண்டுக்கு எத்தனை பிள்ளை பதிஞ்சிருக்காங்க?" வர்ற பதில்ல இருந்து உங்க வேலையைத் தொடங்குங்க.