தையலற்ற கதிரை உறை

படுக்கை விரிப்பு பெரும்பாலும் நடுவிலேதான் நைந்துபோகிறது. உடல் உராய்வது அங்கேதான். சுற்றிலுமுள்ள துணியோ உறுதி குன்றாதிருக்கும். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியைக் கண்ட எமது இல்லங்களில், அத்தகைய விரிப்பைத் துடைதுணியாக்குவது வீணென்றே நாம் கருதுகிறோம். ஊசியும் நூலுமின்றி அதனைக் கதிரைக்கு உறையாக்கலாம்.

முதலில் கதிரையை அளந்து பாருங்கள். சாப்பாட்டு மேசைக் கதிரையில் இருக்கையின் உயரம், ஆழம், சாய்மானத்தின் உயரம் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 18 அங்குலம். சாய்மானத்தின் பின்புறம் நிலம் வரை 36 அங்குலம். ஆக, 90 அங்குலம். தனிக்கட்டில் விரிப்பின் நீளமும் ஏறக்குறைய அதுவே! இருக்கையும் சாய்மானமும் கூடும் மூலையில் 6 அங்குலத்தை உள்ளே செருகுங்கள். அப்பொழுது துணி முன்னும் பின்னும் நிலத்துக்கு 3 அங்குலம் மேலே நிற்கும், காலிற் சிக்காது. செருகிய இடத்தில் பழைய பத்திரிகையொன்றை இறுகச் சுருட்டி வைத்தால், அமர்ந்தெழும்போது உறை எளிதிற் கலையாது. பக்கங்களில் தொங்குவதைப் பின்னே இழுத்து முடிந்துவிடுங்கள். நைந்த பகுதி சாய்மானத்தில் விழட்டும். பாரந் தாங்கும் இருக்கையில் வேண்டாம்.

பருத்தித் துணியே உகந்தது. பொலியெஸ்ரர் துணி பிளாஸ்ரிக் கதிரையில் வழுக்கும். கத்தரித்த ஓரம் இழை பிரியுமாதலால் அதனை உள்ளே மடித்து, நெய்த கரையை வெளியே விடுங்கள். சாய்மானம் ஒடுங்கியதாயின் பழைய தலையணை உறையொன்றைக் கவிழ்த்தாலே போதும்.

பிரம்பு அறுந்த கதிரைக்கு மட்டும் உறையிடாதீர்கள். உறையின் கீழே பள்ளமிருப்பதை, வந்தமரும் முதியவர் எங்ஙனம் அறிவார்? பிரம்பைப் பின்னுவித்த பின்னரே உறை.